ஒத்தைச்சிறகின் பகல் வேலை

பல்லக்காவைத் தெரியாதவர்கள் அந்தத் தெருவில் கிடையாது. தெரியாது என்று யாராவது சாதித்தால் வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள், உள்ளே அவள் செய்த பல் ஒன்றாவது இருக்கும். பதினாறு வருஷமாக ஒரே பல் ஆஸ்பத்திரியின் பின்னறையில், ஜன்னலை ஒட்டின மேஜையில் உட்கார்ந்து மெழுகைச் சீவிக்கொண்டிருக்கிறாள். டாக்டர் முன்னறையில் அச்சு எடுத்து அனுப்புவார். இவள் அதில் பிளாஸ்டர் ஊற்றி, மாடல் எடுத்து, இல்லாத பல்லை இருக்கிற பல்லுக்குத் தோதாகச் செய்து கொடுப்பாள். ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று கேட்பவர்களிடம், "ஊர்ல இருக்கற ஓட்டை வாயை எல்லாம் அடைக்கறதுக்கே நேரம் போதலை, இதுல உங்க வாயை வேற அடைக்கணுமா?" என்பாள். அதற்குமேல் யாரும் கேட்க மாட்டார்கள்.

அவளுக்கு ஒரே ஒரு பைத்தியம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணி ஆனால் மருந்துக்கடையின் பின்னறைக்குப் போய்விடுவாள். அங்கே மருந்துப் பெட்டிகளுக்கு நடுவே மூன்று பேர் உட்கார்ந்து விளையாடுவார்கள். சீட்டும் இல்லை, கேரமும் இல்லை. ஆளுக்கு ஒரு சூப்பர் ஹீரோ. எல்லாம் வாயாலேயேதான். மருந்துக்கடைக்காரர் கதையை நடத்துவார். "பாலம் இடிஞ்சு விழுது, மேல ஒரு பஸ் நிக்குது, நீ என்ன பண்றே?" என்பார். செய்வதைச் சொல்லிவிட்டுப் பகடையை உருட்ட வேண்டும். விழுகிற எண்ணைப் பொறுத்து பஸ் பிழைக்கும், அல்லது பஸ்ஸோடு நீங்களும் போவீர்கள். சிரிக்காதீர்கள். நாற்பது வயசில் இது என்ன கூத்து என்று நானும்தான் சிரித்தேன். ஒரு ஞாயிறு போய் ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன், எழுந்து வர மனசு வரவில்லை.

மூன்றாவது ஆள் எதிர்ப்பக்கத்து நகல் கடைக்காரன். அவனுக்கு ஊரே வைத்த பெயர் ஜெராக்ஸ். அவனுடைய ஹீரோ நெருப்பு கக்குவான், பகலில் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். பல்லக்காவுடைய ஹீரோ ஒத்தைச்சிறகு. பெயருக்கு ஏற்ற மாதிரி முதுகில் ஒரே ஒரு சிறகு, கொஞ்சம் கோணலாகத்தான் பறப்பான். பகலில் அவன் கிரேன் ஓட்டுகிறவன். எந்த ஹீரோவுக்கும் வேஷம் கலைத்த நேரத்தில் பிழைப்புக்கு ஒரு வேலை வேண்டும், அதை அந்த ஹீரோவுக்கான அட்டையில் 'பகல் வேலை' என்ற கட்டத்தில் மையால் எழுத வேண்டும் என்பது மருந்துக்கடைக்காரரின் கண்டிப்பு.

பல்லக்கா ஏன் கிரேன் என்று எழுதினாள் என்பது அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். யாரும் கேட்டதில்லை.

அவளுடைய தம்பி கிரேன் ஓட்டியவன். தரையில் ஓடுகிற வண்டியைச் சொல்லவில்லை. இருபது மாடிக் கட்டடத்துக்கு மேலே கொக்கு மாதிரி கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்குமே, அது. உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டு. காலையில் ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவான். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு புதன்கிழமை அப்படித்தான் ஏறினான். பதினொன்றரை வரை ஒழுங்காகக் கம்பிக் கட்டுகளைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். அப்புறம் வாக்கிடாக்கியில் கூப்பிட்டால் பதில் இல்லை. ஒருத்தன் ஏறிப் போய்ப் பார்த்தான். கூண்டு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தது. கண்ணாடியை உடைத்தார்கள். சாப்பாட்டு டப்பா திறந்திருந்தது, பாதி சாப்பிட்டிருந்தது, ஆள் இல்லை. விழுந்திருந்தால் கீழே நின்ற இருநூறு பேரில் ஒருத்தராவது பார்த்திருப்பார்கள். ஏணியில் இறங்கியிருந்தால் உள்தாழ்ப்பாளைப் போட்டது யார்? போலீஸ் மூன்று மாசம் வந்து போனது, அப்புறம் வருவதை நிறுத்திக்கொண்டது.

அம்மா மட்டும் நிறுத்தவில்லை. மாசத்தின் முதல் வேலை நாளன்று, காலை பதினொரு மணிக்குக் கம்பெனி ஆபீசுக்குப் போன் போடுவாள். "என் பையன் பேர் இன்னும் லிஸ்ட்ல இருக்கா?" என்று கேட்பாள். "இருக்குங்க. வரலைன்னு போட்டிருக்கு" என்பார்கள். "சரி, இருக்கட்டும்" என்று வைத்துவிடுவாள். பேர் இருக்கிறவரைக்கும் அவன் வேலைக்கு வராதவன், அவ்வளவுதான். வராதவன் என்றைக்காவது வருவான். அந்த ஒரு பேரைப் பிடித்துக்கொண்டுதான் அந்த வீடு நின்றது. பல்லக்காவும் ஞாயிறு தவறாமல் ஒத்தைச்சிறகைக் கிரேனில் ஏற்றி, டப்பாவைத் திறந்து, மிச்சப் பாதியையும் சாப்பிட வைத்துவிட்டுத்தான் கதையைத் தொடங்க விடுவாள்.

ஒருநாள் ஜெராக்ஸுக்குப் பொறுமை போய்விட்டது.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. பறக்கத் தெரிஞ்சவன் பகல்லயும் மேல, மத்த நேரமும் மேல. எந்நேரமும் ஆகாசத்துலயே குடித்தனமா? ஒருநாளாவது கீழ இறக்குங்க அவனை."

பல்லக்கா முறைத்தாள். ஆனால் மருந்துக்கடைக்காரரும் மெதுவாக, "அவன் சொல்றதும் சரிதான்மா. மூணு வருஷம் ஆச்சு. இறங்கட்டுமே" என்றார். அந்த 'இறங்கட்டுமே' அவளுக்கு என்னவோ செய்தது. அழுகை வந்தது, அடக்கிக்கொண்டாள். சரி என்று தலையாட்டினாள்.

அந்த மேஜையில் ஒரு வழக்கம் உண்டு. பகல் வேலையை ரப்பர் வைத்து அழித்துவிட்டு வேறு எழுதுவது கூடாது. ஹீரோவே எழுதுகிற மாதிரி ஒரு ராஜினாமா கடிதம் எழுத வேண்டும், சத்தமாகப் படிக்க வேண்டும், மூன்று பேரும் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கப்புறம்தான் பழைய வேலை செல்லாது. கடிதங்களை மருந்துக்கடைக்காரர் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பார். விளையாட்டில் அவருக்கு அத்தனை ஒழுங்கு.

பல்லக்கா பேனாவை எடுத்தாள். இங்கேதான் அவள் ஒரு தப்புப் பண்ணினாள், பண்ணுகிறோம் என்று தெரியாமலே பண்ணினாள். தம்பிக்கு எழுதுவதென்றால் வேப்பங்காய். பள்ளிக்கூடத்து லீவு லெட்டரிலிருந்து கம்பெனியில் வேலை கேட்டுப் போட்ட விண்ணப்பம் வரைக்கும் அவன் பேரில் எழுதினது எல்லாம் இவள்தான், கையெழுத்து உட்பட. அவன் கையெழுத்து என்று உலகம் நம்புவதே இவளுடைய கை. ஒத்தைச்சிறகுக்காக எழுத உட்கார்ந்ததும் விரல்கள் பழைய பழக்கத்துக்குப் போய்விட்டன. மேலே கம்பெனி பேர், அதன் கீழே தம்பியின் பணியாளர் எண், "சொந்தக் காரணங்களால் இன்று முதல் வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன்", கடைசியில் தம்பியின் கையெழுத்து. எழுதி முடித்த பிறகுதான் பார்த்தாள். சரி, இங்கேயே கிடக்கப் போகிற காகிதம்தானே என்று விட்டுவிட்டாள். படித்தாள். ஜெராக்ஸ் கையெழுத்துப் போடும்போது டீ டம்ளரைக் கடிதத்தின் ஓரத்தில் வைத்து வட்டமாகக் கறை பண்ணினான், திட்டும் வாங்கினான்.

புது வேலை என்ன என்று பேச ஆரம்பிப்பதற்குள் கடை முன்பக்கம் யாரோ அவசரமாக இன்சுலின் கேட்டு வந்துவிட்டார்கள். மருந்துக்கடைக்காரர் கடிதத்தை டின்னில் போட்டு, அலமாரியைப் பூட்டிவிட்டு எழுந்து போனார். ஆட்டம் அத்தோடு கலைந்தது. பகல் வேலைக் கட்டம் காலியாகவே இருந்தது.

மறுநாள் திங்கட்கிழமை, மாசத்தின் முதல் வேலை நாள். பதினொன்று பத்துக்குப் பின்னறை லேபில் பல்லக்காவின் போன் அடித்தது. அம்மா. பேச்சே வரவில்லை, மூச்சு மட்டும் கேட்டது.

"என்னம்மா? சொல்லித் தொலை!"

"பேரை எடுத்துட்டாங்கடி."

"யாரு? எப்படி எடுப்பாங்க? நான் போய் நாலு கேள்வி கேக்கறேன் இரு."

"அவனே வந்து எழுதிக் குடுத்துட்டுப் போனானாம். இன்னைக்குக் காலையில."

பல்லக்கா மெழுகுக் கத்தியை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். கம்பெனி ஆபீசில் இருந்தது புதுப் பெண், வேலைக்குச் சேர்ந்து ஆறு மாசம் இருக்கும். காணாமல் போன கதை எதுவும் அவளுக்குத் தெரியாது. "ஆமாங்க, ஒன்பதரைக்கு வந்தார். லெட்டர் குடுத்தார், ஹெல்மெட்டைத் திருப்பிக் குடுத்தார், ரிஜிஸ்தர்ல கையெழுத்துப் போட்டார். ரொம்ப மரியாதையான மனுஷன்" என்றாள். "ஹெல்மெட்தான் தொட முடியல, ஐஸ்பெட்டியில வச்சு எடுத்த மாதிரி இருந்துச்சு. லிஃப்ட் எங்கன்னு கேட்டார். ரெண்டு மாடிதானே, படியில போங்களேன்னேன். இறங்கற பழக்கம் விட்டுப் போச்சுங்கன்னார். நான் ஜோக்குன்னு நெனச்சு சிரிச்சேன். அவர் சிரிக்கல."

கடிதத்தை எடுத்துக் காட்டினாள். பல்லக்கா வாங்கிப் பார்த்தாள். அவள் எழுத்து, அவள் போட்ட கையெழுத்து, கீழே மருந்துக்கடைக்காரர், ஜெராக்ஸ், ஓரத்தில் டீ டம்ளரின் வட்டம். அந்த வட்டம் இன்னும் முழுசாகக் காயவில்லை.

அங்கிருந்து நேரே மருந்துக்கடை. "டின்னை எடுங்க அண்ணா" என்றாள். அவர் அலமாரியைத் திறந்து டின்னை எடுத்தார். பழைய கடிதங்கள் எல்லாம் இருந்தன, மேலே வைத்த அந்த ஒன்று மட்டும் இல்லை. மனுஷன் முகத்தில் ஈயாடவில்லை.

"சாவி என் இடுப்புலதாம்மா இருக்கு. நான் தொடவே இல்ல."

"நீங்க தொட்டீங்கன்னு யாரு சொன்னா?" என்றாள். அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் பயத்துக்கு அடியில் இன்னொன்று குதித்துக்கொண்டிருந்தது. தம்பி நடந்து வந்திருக்கிறான். இரண்டு காலால் நடந்து, வாய் திறந்து பேசி, படியில் இறங்கிப் போயிருக்கிறான். இப்போது எங்கே? பழைய வேலையை விட்டாயிற்று, புது வேலைக் கட்டம் காலி. வேலையே இல்லாதவன் எங்கே போய் நிற்பான்?

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் காத்திருக்க முடியாது. ஜெராக்ஸைக் கூப்பிடுங்க, கட்டத்தை இப்பவே ரொப்பணும்" என்றாள்.

ஜெராக்ஸ் சிரித்துக்கொண்டே வந்தான். விஷயத்தைக் கேட்டதும் பேயறைந்த மாதிரி பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டான். பல்லக்கா அட்டையை எடுத்து, பகல் வேலைக் கட்டத்தில் நிறுத்தி நிதானமாக எழுதினாள்: 'பல் லேப், இரண்டாவது நாற்காலி.' லேபில் அந்த நாற்காலி நாலு மாசமாகக் காலியாகத்தான் கிடந்தது. இனி எங்கே தேடுவானேன், பக்கத்திலேயே வைத்துக்கொள்வோம் என்ற கணக்கு. எழுதிவிட்டு அட்டையைத் திருப்பினாள். பின்பக்கத்தில் 'உறவினர்' என்று ஒரு கட்டம். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவளே எழுதினது: யாருமில்லை.

இதை நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்த ஆட்டம் ஆடுகிறவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் எழுதுவார்கள். அம்மா, அக்கா என்று எழுதினால் வில்லன் முதலில் அவர்களைத்தான் தூக்கிக்கொண்டு போவான். ஹீரோவை அநாதையாக விட்டால் ஆட்டம் சுலபம். அந்தக் கெட்டிக்காரத்தனத்தில்தான் அவளும் எழுதியிருந்தாள்.

"அதுக்குக் கீழ அம்மா, அக்கான்னு சேத்துடறேன்" என்று பேனாவை வைக்கப் போனாள். மருந்துக்கடைக்காரர் அவள் கையைப் பிடித்துவிட்டார். மூன்று வருஷத்தில் அவர் அவளைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

"வேண்டாம்மா. எழுதினா நான் உருட்டியாகணும்."

உறவினர் இருந்தால் வாராவாரம் அவர்களுக்காக ஒரு பகடை உண்டு. அதற்கு ஒரு பட்டியல் இருக்கிறது: கடத்தல், விபத்து, நோய், தீ, காணாமல் போவது, நல்ல செய்தி. ஆறில் ஒன்றுதான் நல்லது.

"உருட்டாம விட்டுடுங்க."

"லெட்டரை நானா அனுப்பினேன்? என்னைக் கேட்டுக்கிட்டா அது போச்சு? நான் உருட்டலைன்னா மட்டும் நின்னுடும்னு என்ன நிச்சயம்?"

அப்போது ஜெராக்ஸ் பெட்டி மேலிருந்து மெல்லக் கேட்டான். "அண்ணா, என் ஆளுக்கு நான் ஒரு சித்தப்பா எழுதியிருந்தேனே. அவர் படியில விழுந்த மாதிரி உருண்டது எப்ப?"

"போன மாசம் ரெண்டாவது ஞாயிறு."

"என் சொந்த சித்தப்பா இடுப்பெலும்பு உடைஞ்சது அதுக்கு மூணாம் நாள். நாம சிரிச்சோம், ஞாபகம் இருக்கா?"

முன்பக்கம் ஒரு அம்மாள் இருமல் மருந்து கேட்டு இரண்டு முறை கூப்பிட்டாள், யார் காதிலும் விழவில்லை. பல்லக்கா பேனாவைப் பிடித்தபடி யோசித்தாள். அம்மாவை எழுத முடியாது. தன்னை மட்டும் எழுதலாமே? எழுதலாம். தனக்கு ஒன்று ஆகிவிட்டால் அம்மாவை யார் பார்ப்பார்கள் என்று தனக்குத்தானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டாள். உண்மையைச் சொன்னால் பயந்துவிட்டாள், அவ்வளவுதான். 'முதல்ல வரட்டும். வந்தா போதும்' என்று பேனாவை மூடினாள். அட்டையைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். மருந்துக்கடைக்காரர் பகடைகளைப் பொட்டலம் கட்டிச் சாக்கடையில் போட்டார். அந்த அறையில் அதோடு ஆட்டம் முடிந்தது.

வியாழக்கிழமை காலை அவள் லேபுக்குள் நுழைந்தபோது இரண்டாவது நாற்காலியில் ஒருத்தன் ஏப்ரன் கட்டிக்கொண்டு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தான். பின்னந்தலையில் இரட்டைச் சுழி. பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கால் தரையில் நிற்கவில்லை அவளுக்கு.

"புது ஆள். எங்கேருந்து வந்தான்னு கேக்காதீங்க, கைவேலை சுத்தம்" என்று டாக்டர் எட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

அவன் திரும்பினான். தம்பியேதான். மூன்று வருஷ வெயில் முகத்தில் கறுத்திருந்தது, சின்ன வயசில் சைக்கிளிலிருந்து விழுந்த தழும்பு புருவத்தில் அப்படியே இருந்தது.

"வணக்கங்க" என்றான்.

"டேய்" என்றாள். "டேய், எங்கடா போயிருந்தே?"

அவன் மரியாதையாக எழுந்து நின்றான். "என்னையா கேக்கறீங்க? வேற யாரையோ நெனச்சுக்கிட்டீங்க போல."

"உன் அக்காடா நான்."

"எனக்கு யாரும் இல்லைங்க" என்றான். கவலையாகக்கூடச் சொல்லவில்லை. கடையில் சில்லறை இல்லை என்று சொல்வார்களே, அப்படிச் சொன்னான். சொல்லிவிட்டு உட்கார்ந்து மெழுகைச் சீவ ஆரம்பித்தான். வாழ்நாளில் மெழுகுக் கத்தியைத் தொடாதவன் அச்சு அசல் அவளைப் போலவே செதுக்கினான், கடைசியில் கட்டைவிரலால் ஒரு தேய் தேய்ப்பாளே, அது உட்பட. பல்லக்கா அன்றைக்கு முழுக்க ஒரு பல்கூடச் செய்யவில்லை.

வேறு சிலதையும் கவனித்தாள். அவன் சாப்பாடு கொண்டு வருவதில்லை. ஒரு மணி ஆனால் கத்தியைக் கீழே வைத்து, கையை மடியில் வைத்து, இரண்டு மணிவரை அசையாமல் உட்கார்ந்திருப்பான். ஐந்தரைக்கு ஏப்ரனைக் கழற்றி மாட்டிவிட்டு வாசலைத் தாண்டுவான். ஒருநாள் பின்னாலேயே ஓடிப் போய்ப் பார்த்தாள். நேரான தெரு, வெளிச்சம் போகவில்லை, திரும்ப ஒரு சந்து கிடையாது. ஆள் இல்லை. அவனுக்கு எழுதியிருந்தது ஒரு நாற்காலி மட்டும்தானே, அதற்கப்பால் இருக்க அவனுக்கு ஏது இடம்? மறுநாள் காலை ஒன்பதுக்கு நாற்காலியில் இருந்தான்.

அம்மாவிடம் சொல்லாமல் இருக்க முடியுமா? வெள்ளிக்கிழமையே அழைத்துக்கொண்டு வந்தாள். அம்மா முன்னறை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவன் பிளாஸ்டர் தட்டை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கமாக வந்தான், அம்மாவின் முட்டியை இடிக்காமல் ஒதுங்கி, "மன்னிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். பெத்தவளைத் தாண்டிப் போகிறோம் என்பது அந்த முகத்தில் துளிகூட இல்லை. அம்மா வாயில் முந்தானையை வைத்து அடைத்துக்கொண்டாள்.

வீட்டில் சண்டை. அப்படி ஒரு சண்டை அந்த வீடு பார்த்ததில்லை.

"அட்டையை எடு. என் பேரை எழுது."

"மாட்டேன்."

"எனக்கு என்ன ஆனா என்னடி? அறுபத்திரண்டு வயசாச்சு. ஒரு தடவை அம்மான்னு கூப்பிட்டுட்டான்னா போதும், அப்புறம் எந்த வண்டியில அடிபட்டா என்ன?"

"நீ போனப்புறம் அவன் யாரைக் கூப்பிடுவான்? கல்நெஞ்சக்காரின்னு சொல்லிக்கோ, எழுத மாட்டேன்."

"கல்நெஞ்சக்காரிதான்டி நீ!"

சொல்லிவிட்டாள். பல்லக்கா அட்டையை லேப் பீரோவில் பூட்டி, சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டாள். உள்ளுக்குள் அழுதாள். அம்மா தினமும் பத்து மணிக்கு வந்து முன்னறை பெஞ்சில் உட்கார ஆரம்பித்தாள். வருகிறவர்கள், பல் பிடுங்கிக்கொண்டு போகிறவர்கள், எல்லாரையும் பார்த்துக்கொண்டு சாயங்காலம்வரை இருப்பாள். அவன் பின்னறையை விட்டு வருவது அபூர்வம்.

"அவன் எப்பதான்டி முன்னால வருவான்?"

"நிறம் பாக்கணும்னா வருவான்மா. புதுப் பல்லு பக்கத்துப் பல்லோட ஒத்துப் போகணும்ல, அதுக்கு நேர்ல வந்து பாக்கணும். அவனுக்குக் கண்ணு நல்லா இருக்குன்னு டாக்டர் அவனைத்தான் அனுப்பறார்."

அம்மா தலையாட்டினாள். அதற்கப்புறம் அட்டையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பாடா, மனசு ஆறிவிட்டது என்று பல்லக்கா நிம்மதியானாளாம். பதினாறு வருஷம் பல்லோடு மாரடித்தவளுக்கு அம்மாவின் வாயைப் படிக்கத் தெரியவில்லை, என்ன சொல்ல!

அடுத்த செவ்வாய்க்கிழமை அம்மா வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு வந்தாள். குளியலறையில் வழுக்கிக் குழாயில் முகம் இடித்துவிட்டது, முன்பல் போய்விட்டது என்றாள். டாக்டர் பதறிப் போய் நாற்காலியில் உட்கார வைத்தார். பல்லக்கா பஞ்சை எடுத்துக்கொண்டு குனிந்தாள். மேல்வரிசையில் நடுவில் ஒரு ஓட்டை. உதட்டில் ஒரு கீறல்கூட இல்லை. பக்கத்துப் பல் இரண்டும் அசையவில்லை. விழுந்து அடிபட்டுப் போன பல் இப்படிப் போகாது. மெதுவாக, பிடித்து, ஆட்டி ஆட்டி எடுத்த பல்தான் இப்படிப் போகும். காலையில் சமையலறை மேடையில் இடுக்கி கழுவிக் கவிழ்த்து வைத்திருந்ததைப் பார்த்திருந்தாள், எதற்கு என்று யோசிக்கவில்லை.

"அம்மா" என்றாள்.

அம்மா அவளைப் பார்க்கவே இல்லை. பின்னறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரத்தம் நின்றதும், இப்போதைக்குக் கழற்றி மாட்டுகிற பல் ஒன்று செய்துவிடலாம் என்றார் டாக்டர், நிறம் பார்க்க ஆளை அனுப்பச் சொன்னார். அவன் வந்தான். கையில் வரிசையாகப் பதினாறு சின்னப் பல் கோத்த பட்டை. நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பினான், பகல் வெளிச்சத்தில்தான் நிறம் சரியாகத் தெரியும். குனிந்தான். இரண்டு முகத்துக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. இடது கையால் அம்மாவின் தாடையைத் தாங்கிப் பிடித்தான். அந்தக் கை ஜில்லென்று இருந்திருக்கும், அம்மா தோள் ஒரு தரம் நடுங்கியது, ஆனால் தாடையை விலக்கவில்லை.

"கொஞ்சம் சிரிங்க" என்றான்.

அம்மா சிரித்தாள். கண்ணிலிருந்து தாரை தாரையாக வழிந்தது.

"வலிக்குதா?"

இல்லை என்று தலையாட்டினாள்.

"ஆடாதீங்க, நிறம் தப்பாப் போயிடும்."

ஒவ்வொரு பல்லாக வைத்துப் பார்த்தான். அவசரமே படவில்லை. பட்டையை மூடிவிட்டு நம்பரைச் சொன்னான், பல்லக்கா குறித்துக்கொண்டாள். முதல் தடவை தப்பாக எழுதி, அடித்துவிட்டுத் திரும்ப எழுதினாள். "நல்ல பல்லுங்க. பாவம், இப்படிப் போயிடுச்சே" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு அவன் பின்னறைக்குப் போய்விட்டான். கதவு சாத்திக்கொண்டது.

பல்லக்கா கழுத்துச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சாவி உள்ளங்கையில் அழுந்தியது. அம்மா நாக்கால் வாய்க்குள் துழாவிக்கொண்டிருந்தாள், ஒவ்வொன்றாக, மேல்வரிசை முழுக்க, அப்புறம் கீழ்வரிசை. முடித்துவிட்டு மகளின் கையைப் பிடித்து இழுத்தாள். முகத்தில் மூன்று வருஷமாக இல்லாத ஒரு தெளிவு.

"நீ ஒண்ணும் எழுத வேண்டாம்டி" என்றாள், ஓட்டைப் பல்லில் காற்று சீறியது. "இன்னும் இருபத்தேழு இருக்கு."